நரிக்கரட்டில் ஒரு வாசல்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை வைத்திருப்பவர்கள் சித்திரை மாதத்தில் வெளியூரில் தங்கமாட்டார்கள். வெயில் ஏற ஏறப் பூ கூடும். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கிவிட வேண்டும். வெயில் பட்டுப் பறித்த மொட்டு, சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாய் திறந்துவிடும். அப்புறம் அதை யாரும் மதித்து வாங்குவதில்லை. அப்படிப்பட்ட மாதத்தில் சுருளிவேல் தோட்டத்தை மகன் மணிமாறனிடம் விட்டுவிட்டு, அணைத் தண்ணீருக்கு நடுவில் இருக்கிற ஒரு தீவில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது ஊரில் யாரும் நம்பவில்லை.

"என்ன பெரியப்பா, பெரியம்மாளக் கூட்டிக்கிட்டு தீவுக்குப் போறீகளாம்ல. கல்யாணமான புதுசுல விட்டதை இப்பப் பிடிக்கிறீகளாக்கும்" என்று பூக்கடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் கேட்டான்.

"நான் எதுக்குப் போறேன்னு ஒங்கப்பனுக்குத் தெரியும். வீட்ல போயிக் கேளு" என்று சொல்லிவிட்டுச் சுருளிவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அது அந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சுருளிவேலுக்கு ஒரே தங்கை, பேச்சாயி. அவளைத் தொப்பம்பட்டிப் பக்கம் இளஞ்செழியனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தென்னையும் மக்காச்சோளமுமாக நல்ல குடும்பம். அவர்கள் மகள் ஜீவிதா வயசுக்கு வந்தபோது சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் கொண்டு வருகிற மாலைதான் பிள்ளையின் கழுத்தில் முதலில் விழ வேண்டும். சுருளிவேல் சீர்த்தட்டுகளோடும் மேளத்தோடும் புறப்பட்டுப் போனார். வழியில் வண்டி நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறதே என்று பந்தலில் இருந்தவர்கள் நெருக்க, இளஞ்செழியன், பேச்சாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையாகும் ஒருவரை மாலை போடச் சொல்லிவிட்டார். சுருளிவேல் போய் இறங்கியபோது பிள்ளையின் கழுத்தில் வேறு மாலை கிடந்தது. கொண்டுபோன தட்டுகளைப் பந்தலுக்கு வெளியே வரிசையாக வைத்தார். யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. வாசலை மிதிக்காமல் வந்த வழியே திரும்பிவிட்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சும் இல்லை, சோறு தண்ணீர்ப் புழக்கமும் இல்லை.

இப்போது அந்த ஜீவிதாவுக்குக் கல்யாணம். வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். மணப்பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டியவர் தாய்மாமன். திண்டுக்கல்லில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிற பெண் அவள். அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அன்னைக்கு யாரையோ விட்டு மாலை போட்டீங்க. சின்னப் புள்ள, உக்காந்திருந்தேன். இந்த வாட்டி மாமா வந்து கையப் புடிச்சாத்தான் எந்திரிப்பேனுங்க அப்பா. இல்லீன்னா உக்காந்த எடத்துலயே உக்காந்திருப்பேன்."

ஆனால் அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தன் வாசலுக்கு வந்து, வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும் என்றார் சுருளிவேல். "தட்டை வெளிய வச்சுட்டுத் திரும்பிப் போனது அவருங்க. எங்க வாசலை மிதிச்சு ஒரு வாய் சாப்பிடட்டும். அப்புறம் எங்க வரச் சொன்னாலும் வாரனுங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார் இளஞ்செழியன். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதை வறட்டுப் பிடிவாதம் என்று இன்றைக்குப் படித்த பிள்ளைகள் சொல்லக்கூடும். ஒரு வாசலில் யார் முதலில் தலை குனிவது என்பது அந்த ஒரு தலையோடு முடிகிற காரியம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசப் போகும்போதும் அதைத்தான் எடுத்து வைப்பார்கள்.

வழி கண்டுபிடித்தவள் மணிமாறனின் மனைவி தமிழ்மதி. அவளும் ஜீவிதாவும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். பெரியவர்கள் பேசாத காலமெல்லாம் இவர்கள் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இரண்டு வீட்டு வாசலும் வேண்டாம், வாசலே இல்லாத இடமாகப் பார்ப்போம் என்று அவள் சொன்னாள்.

செங்காட்டு அணையைக் கட்டியபோது, சுற்றியிருந்த நிலமெல்லாம் முங்கி, நரிக்கரடு என்கிற சின்னக் குன்று மட்டும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பிற்பாடு அதில் வேம்பும் புங்கனும் வைத்து, ஊஞ்சல் போட்டு, ஒரு கோபுரம் கட்டி, பூங்கா ஆக்கினார்கள். படகில்தான் போக வேண்டும். தங்குகிறவர்களுக்குக் கூடாரம் தருவார்கள்.

"அது யாரு எடம்?" என்று மருமகளைக் கேட்டார் சுருளிவேல்.

"கவர்மெண்ட் எடம் மாமா. யாரு வேணாலும் போய்த் தங்கலாம்."

"அவுக கூப்பிட்டு நான் போனதா இருக்கக் கூடாது."

"இல்ல மாமா. நீங்க ஒங்க குடும்பத்தோட போறீக. அவுக அவுக குடும்பத்தோட வாராக. அம்புட்டுதான்."

"நான் கூப்பிட்டு அவுக வந்ததாவும் இருக்க வேணாம் ஆத்தா. மாப்ளைக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல" என்றார் சுருளிவேல்.

*

அணைக்கரையில் இரண்டு குடும்பமும் வந்து இறங்கியபோது காலை வெயில் சுள்ளென்று இருந்தது. கோடை என்பதால் தண்ணீர் இறங்கி, கரையைச் சுற்றிச் செம்மண் வெடிப்பு விட்டுக் கிடந்தது. சுருளிவேலின் பக்கம் மூன்று பேர்: அவர், மனைவி பொன்னழகு, மருமகள் தமிழ்மதி. அந்தப் பக்கமும் மூன்று பேர். ஜீவிதா மட்டும் நேரே நடந்து வந்து, "மாமா" என்று சொல்லி நின்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தார். பிள்ளையோடு அவருக்குப் பகை கிடையாது. பேச்சாயி தன் புருஷனுக்குப் பின்னால் நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள். தங்கைக்குக் கண்ணாடி போடுகிற வயது வந்துவிட்டது சுருளிவேலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

படகுக்காரர் ஆண்டனிராஜ்தான் பூங்காவுக்குக் காவலும். மிதவைச் சட்டைகளை ஒரு கையில் அள்ளிக்கொண்டு வந்தார். ஆரஞ்சு நிறத்தில், முன்பக்கம் வார் வைத்துக் கட்டுகிற சட்டைகள்.

"இதப் போட்டுக்கங்க ஐயா."

"எனக்கு நீச்சல் தெரியும்ப்பா. கெணத்து மேட்டுல இருந்து தலகீழாக் குதிச்சவன் நான்."

"நீச்சல் தெரிஞ்சவுகதான் ஐயா முங்குறாக. தெரியாதவுக பயந்துக்கிட்டுக் கரையிலயே நின்டுக்கிருவாக."

பேச்சாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வெள்ளைச் சட்டை கசங்காமல் நிமிர்ந்து நின்ற சுருளிவேல், அந்த ஆரஞ்சுச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு இன்னும் நிமிர்ந்தார். அந்தப் பக்கம் இளஞ்செழியனும் மாட்டிக்கொண்டார். அவருக்குத் தொப்பை, வார் எட்டவில்லை. ஜீவிதா மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக் கட்டிவிட்டாள்.

படகில் அவரவர் பக்கம் அவரவர் உட்கார்ந்தார்கள். ஆண்டனிராஜ் படகை விலக்கித் தள்ளியதும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இப்படி உக்காந்தா எல்லாரும் மீனுக்கு எரையாத்தான் போகணும். கனத்த ஆள் ரெண்டு பேரும் நடுப்பலகைக்கு வாங்க. எதுத்து எதுத்து உக்காருங்க ஐயா. ஆங், முட்டிக்கு முட்டி."

இரண்டு பேரும் முட்டிக்கு முட்டி உட்கார்ந்தார்கள். இளஞ்செழியன் அவருடைய தோளுக்கு மேலாகத் தண்ணீரைப் பார்த்தார். சுருளிவேல் இவருடைய காதுக்குப் பக்கமாக மலையைப் பார்த்தார். பட்டுப்போன ஒரு மரத்தின் உச்சி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. இயந்திரச் சத்தத்தில் யாரும் பேச வேண்டிய அவசியம் இல்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

கரடு வந்ததும்தான் சிக்கல் தெரிந்தது.

வருகிறவரை 'வாங்க' என்று கேட்பது வீட்டுக்காரருக்கு உரியது. வீடு தேடி வந்த பகையாளியைக்கூட வாங்க என்று கேட்டுவிட வேண்டும். கேட்காதவன் மனுஷன் இல்லை. அந்த ஒரு சொல் விழுந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும். ஆனால் இங்கே எல்லோரும் ஒரே படகில் வந்து ஒரே நேரத்தில் இறங்கினார்கள். யாரும் வீட்டுக்காரர் இல்லை, யாரும் விருந்தாளியும் இல்லை. எனவே வாயைத் திறக்க யாருக்கும் வழி இல்லாமல் போய்விட்டது. "வாங்க, வாங்க, எல்லாரும் பாத்து வாங்க, பாசி வழுக்கும்" என்று சொன்ன ஆண்டனிராஜ் ஒருவர்தான் அன்றைக்கு அங்கே முறை செய்தவர்.

அவர் இரண்டு கூடாரம் அடித்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே மாதிரி நீலம், ஒரே அளவு. சுருளிவேலுக்குத் தண்ணீர் ஓரம். இளஞ்செழியனுக்கு மேலே வேம்படியில். சாமான்களை வைத்துவிட்டு இரண்டு பெரியவர்களும் அவரவர் கூடாரத்துக்கு முன்னால், ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்தார்கள்.

ஊஞ்சல் பக்கம் தமிழ்மதியும் ஜீவிதாவும் ஒதுங்கினார்கள்.

"என்னடி இது. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்காக?"

"வாசல் இல்லாத எடம்னு நீதானே புடிச்ச. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கே ஒரு வாசல் வேணுமாட்டத் தெரியுது."

"பேசாம ஒங்கப்பாவ எங்க கூடாரத்துப் பக்கம் தள்ளி விட்ரவா?"

"அவரு நூத்திப் பத்து கிலோ. முடிஞ்சாத் தள்ளு."

*

பெண்கள் அப்படி இருக்க முடியாது. சமைப்பதற்கு என்று கரட்டின் நடுவில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் ஒரே ஒரு விறகடுப்பு. வேறு எங்கேயும் தீ மூட்டக்கூடாது என்று ஆண்டனிராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையில் வலையில் விழுந்த ஜிலேபி மீனை அவர்தான் கொடுத்தார். பேச்சாயி சாம்பல் போட்டுத் தேய்த்து மீனைக் கழுவினாள். பொன்னழகு, தண்ணீர் சுடவைக்க வந்ததுபோல வந்து பக்கத்தில் குந்தினாள்.

"செதில் சரியாப் போகல பேச்சாயி. இந்தக் கண்ணாடிக்கு ஒண்ணும் தெரியலயா?"

"தெரியுது மதினி. செதிலுந் தெரியுது, ஒங்க மூஞ்சியில விழுந்த கோடுந் தெரியுது."

"கோடு விழாம என்ன செய்யும்? ஒங்கண்ணங்கூடக் குடித்தனம் பண்ணிப் பாரு. மொளகாய நான் அரைக்கிறேன், இங்கிட்டுத் தள்ளு."

"அண்ணே பேசுமா மதினி?"

"பேசுவாக. நீயும் ஒன் வீட்டுக்காரரும் எங்க வாசல்ல வந்து நின்னா அடுத்த நிமிசம் பேசுவாக."

"எங்க வீட்டுக்காரர் கெளம்ப மாட்டேங்குறாரே. போன வாரம்கூட வேட்டி சட்டையெல்லாம் போட்டாரு. வண்டியில ஏறி உக்காந்தாரு. அப்புறம் எறங்கிட்டாரு. என்னங்கன்னு கேட்டா, நாளைக்கு என் பேரன் கேப்பான் புள்ளங்கறாரு."

புளி கரைத்து ஊற்றிக் குழம்பு கொதித்து, தீவு முழுக்க மணந்தது. சுருளிவேலின் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது புளிச்சோறும் கடலைத் துவையலும். பொன்னழகு அதைத் தட்டில் போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனமாக ஓரத்தில் இரண்டு துண்டு மீனும் வைத்துத் தமிழ்மதியிடம் கொடுத்தனுப்பினாள்.

சுருளிவேல் தட்டைப் பார்த்தார். "மீனு ஏது?"

"படகுக்காரர் குடுத்தாரு மாமா."

"குழம்பு?"

"பேச்சாயி அத்தை வச்சாக."

"எடுத்துரு ஆத்தா. புழக்கம் இல்லாத வீட்டுச் சோறு."

"இங்க ஏது மாமா வீடு? அடுப்புகூடப் பூங்காவோட அடுப்பு."

"அடுப்பு யாரோடதா இருந்தா என்ன, கை அவளது. கைக்காரி வந்து சாப்பிடுண்ணேன்னு கேக்கல. கேக்காம எப்பிடிச் சாப்பிடுறது?"

தமிழ்மதி மீனை எடுத்துத் தானே தின்றுவிட்டாள். வேம்படியில் அதே நேரம் இளஞ்செழியனும் பொன்னழகு கொடுத்தனுப்பிய கடலைத் துவையலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். "நல்லா மணக்குதுங்க, நான் இல்லீங்கல. ஆனா மச்சான் ஒரு வார்த்தை சொல்லோணுமல்லோ" என்று அவர் சொன்னது காற்றில் இங்கே வரைக்கும் கேட்டது. சுருளிவேல் புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதுவும் சரிதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சாப்பிட்ட பிறகு தமிழ்மதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஜீவிதா கரையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கல்லை எறிந்தாள். மறுநாள் காலையில் படகு எல்லோரையும் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த வாரமே பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். தாய்மாமன் என்கிற இடத்தில் யார் பெயரைப் போடுவது? அவள் திரும்பி, கூடாரத்துக்கு முன்னால் கம்பு மாதிரி உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் எழுந்து, காலாற நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கோபுரம் இருக்கிற பக்கம் போனார்.

*

சாயங்காலம் மேற்கே கொடைக்கானல் மலைப் பக்கம் கறுத்தது. கோடை மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது. முதலில் காற்றுத்தான் வந்தது. அணைத் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக மடிந்து கரையில் அடித்தது. தண்ணீர் ஓரம் அடித்திருந்த சுருளிவேலின் கூடாரம் ஒரு பக்கம் முளை பிடுங்கிக்கொண்டு எழும்பியது.

"போச்சு, பறக்கப் போகுது" என்று கத்திக்கொண்டே ஆண்டனிராஜ் ஓடினார்.

அவருக்கு முன்னால் ஓடியவர் இளஞ்செழியன்தான். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடியதை அன்றைக்குத்தான் ஜீவிதா பார்த்தாள். "மச்சான் சாமானெல்லாம் நனையுதுங்க, அந்த முனையப் புடிங்க" என்றார். இரண்டு பேருமாகக் கூடாரத்தைக் கழற்றிச் சுருட்டி, பைகளோடு சேர்த்துச் சமையல் கொட்டகைக்குள் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெண்கள் எல்லோரும் ஏற்கனவே அங்கேதான் ஒதுங்கியிருந்தார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கோபுரத்தின் பக்கமிருந்து சுருளிவேல் இறங்கி வந்தார். மழைக்காக ஓடுகிற வழக்கம் அவரிடம் இல்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துதான் வந்தார். மழைச் சாரலில் வேம்பும் கரையும் மறைந்து, ஒரே ஒரு நீலக் கூடாரம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. காற்றில் போனது அவர்களுடையது போலிருக்கிறது, நம்முடையது தப்பித்தது என்று நினைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, குனிந்து உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேம்படியில் இருந்த இளஞ்செழியனின் கூடாரம் அது.

கொஞ்ச நேரத்தில் இளஞ்செழியன் கொட்டகையிலிருந்து தன் கூடாரத்துக்கு வந்தார். துணி எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். மச்சான்தான் என்று தெரிந்ததும் காலை எடுத்து வைக்கவில்லை.

மழையில் ஒரு மனுஷன் வாசலில் வந்து நிற்கிறார். சுருளிவேல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அது வந்திருக்காது. வாசலில் நிற்பவரைப் பார்த்து அந்தக் குடும்பத்தில் பாட்டன் காலத்திலிருந்து எது சொல்வார்களோ அது அவர் வாயிலிருந்து விழுந்தது.

"வாங்க மாப்ள."

இளஞ்செழியன் தன் கூடாரத்தை ஒரு தரம் பார்த்தார். உள்ளே சுவரோரம் சாய்ந்திருந்த தன் பையைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு காலைப் புல்லில் துடைத்துவிட்டு, "வாரனுங்க மச்சான்" என்று குனிந்து உள்ளே வந்தார்.

"உக்காருங்க. ஒங்க கூடாரம் காத்துல போயிருச்சாக்கும்?"

"காத்துங்க. பலமான காத்து."

"நல்லவேளை, நம்மளுது நின்னுச்சு. தலையத் தொவட்டுங்க" என்று சுருளிவேல், கயிற்றில் தொங்கிய துண்டை எடுத்து நீட்டினார். இளஞ்செழியன் தன்னுடைய துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பேச்சை மழைதான் எடுத்துக் கொடுத்தது.

"இந்த மழை ஒங்க பக்கம் பேஞ்சா மக்காச்சோளத்துக்கு ஆகுமா?"

"இப்பத்தானுங்க உழுது போட்ருக்கேன். பேஞ்சா நல்லதுதான். உங்க பூவுக்குத்தான் ஆகாதல்லோ?"

"மொட்டு அழுகும். மணிமாறன் தவிச்சுக்கிட்டுக் கெடப்பான். கெடக்கட்டும், படிச்சுக்கிறட்டும்."

"தென்னையில வெள்ளை ஈ பிடிச்சு ஓலையெல்லாங் கருத்துப் போச்சுங்க."

"இங்கிட்டும் அதான். தண்ணிய வேகமா அடிச்சுக் கழுவி விடுங்க. எங்கூர்த் தோப்புக்காரவுக அப்பிடித்தான் செய்றாக."

வந்தவரை வெறும் வாயோடு உட்கார வைக்கக்கூடாது. சுருளிவேல் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. அதன் வயிற்றில் 'சி. சுருளிவேல்' என்று பெயர் வெட்டியிருந்தது. பொன்னழகு கெட்டிக்காரி, இதையெல்லாம் எடுத்துவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். கடலை உருண்டை. ஒன்றை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். துணைக்கு ஒன்றைத் தானும் வாயில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடுங்க மாப்ள, கூச்சப்படாதீக. பாகு பதமா இருக்கா?"

"பதமா இருக்குதுங்க. அந்தக் கைக்குப் பாகு எப்பவுமே தப்பாதுங்க."

சுருளிவேல் இரண்டாவது உருண்டையை எடுப்பதற்காகத் தூக்கைத் தன் பக்கம் திருப்பினார். மறுபக்கத்திலும் எழுத்து வெட்டியிருந்தது. 'பேச்சாயி – இளஞ்செழியன் திருமணம்.' கீழே சின்னதாக, 'அண்ணன் சீர்'. பெயர் வெட்டுகிற கடையில் நின்று எழுத்துப் பிசகாமல் பார்த்து வாங்கியவர் அவர்தான். கல்யாணச் சீராகத் தங்கையோடு அனுப்பிய தூக்கு இது.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அவர் கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தார். கயிற்றைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பையின் மேலே கண்ணாடிக் கூடு ஒன்று கிடந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"இது ஒங்க கூடாரமா?"

"யாருதா இருந்தா என்னுங்க. கூப்பிட்டீங்க, வந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் மழையில நின்னீகளா?"

"வாங்கன்னு கேட்டுட்டீங்க. அதுக்கு மேல எது யாரு எடம்னு நான் பேசுனா, அது மரியாதையாங்க?"

சுருளிவேல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்நாளில் கூப்பிடாத வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. இன்றைக்கு வைத்தது மட்டும் இல்லை, சட்டமாக உட்கார்ந்து, வீட்டுக்காரரையே விருந்தாளியாக்கி, அவர் வீட்டுப் பண்டத்தையும் எடுத்துத் தின்றாகிவிட்டது. இது மட்டும் வெளியே தெரிந்தால் பூக்கடையில் வருஷம் முழுக்க இதைத்தான் பேசுவார்கள். அதைவிட, எதிரே உட்கார்ந்திருந்த மனுஷன் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்ததுதான் அவரை என்னவோ செய்தது.

"நான் கூப்பிட்டதும் நீங்க வந்துட்டீக மாப்ள. நான் நீங்க கூப்பிடாமயே வந்து உக்காந்துட்டேன். இது முறையில்ல."

"அதுக்கு இப்ப என்னுங்க பண்றது?"

"முறைப்படி பண்ணுவோம்."

சுருளிவேல் எழுந்தார். கூடாரம் உயரம் பற்றாது. குனிந்து வெளியே வந்தபின்தான் நிமிர முடிந்தது. மழைக்குள் நாலு எட்டு விலகிப் போய், நேரே திரும்பி நின்றுகொண்டார். துண்டைத் தலையில் போடவில்லை. ஒரு வீட்டுக்கு முன்னால் தலையில் துண்டோடு நிற்கக்கூடாது.

இளஞ்செழியனுக்குப் புரிந்துவிட்டது. கொட்டகையைப் பார்த்து, "ஏ புள்ள, பேச்சாயி, சீக்கிரம் வா, உங்கண்ணன் வந்திருக்கறாரு" என்று சத்தம் போட்டார். பேச்சாயி என்னவோ ஏதோ என்று மழையில் ஓடி வந்தாள். அண்ணன் நனைந்துகொண்டு நிற்பதையும் புருஷன் உள்ளே நிற்பதையும் பார்த்து விழித்தாள். இளஞ்செழியன் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டு பேருக்கும் தலை கூரையில் இடித்தது. அவள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, இருந்த வெற்றிலையையும் பாக்கையும் எடுத்தாள். தட்டு இல்லை. தூக்கின் மூடியைத் திருப்பி அதில் வைத்தாள்.

கொட்டகையிலிருந்து பொன்னழகும் இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாமா எதுக்கு அத்தை மழையில நிக்கிறாரு?" என்று ஜீவிதா கேட்டாள். பொன்னழகு அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "பேசாம இரு. ஒன்னைய மணவறைக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான் நிக்கிறாக."

"வாங்க மச்சான்" என்றார் இளஞ்செழியன். "நம்ம ஜீவிதா கல்யாணம். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணும். உள்ள வாங்க."

"வாண்ணே" என்றாள் பேச்சாயி. மூடியை முன்னால் நீட்டினாள்.

சுருளிவேல் உடனே வந்துவிடவில்லை. கூப்பிட்டவுடன் விழுந்தடித்து உள்ளே போகிறவர்கள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஒரு தரம் கேட்டால் நிற்க வேண்டும். இரண்டாம் தரம் கேட்டால் வர வேண்டும். அவர் நின்றார். மழை அவர் தலையிலும் தோளிலும் வெள்ளைச் சட்டையிலும் பெய்தது. அவர் நிமிர்ந்தே நின்றார்.

"வாங்க மச்சான்" என்று இளஞ்செழியன் இரண்டாம் தரம் சொன்னார்.

"வாரேன் மாப்ள" என்று சொல்லி, சுருளிவேல் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.